நவிர மலையில் ஓர் இரவு

திருவண்ணாமலையிலே பிறந்து வளர்ந்தவனுக்கு மலை என்பது ஏறுகிற வஸ்துவன்று, சுற்றுகிற வஸ்து. பௌர்ணமி தோறும் பதினான்கு கிலோமீட்டர் பிரதக்ஷிணம் செய்து, கால் வலியை ஈசானிய லிங்கத்தின் வாசலில் நின்று ஆற்றிக்கொள்ளும் எங்களுக்கு, கார்த்திகைத் தீபம் தவிர்ந்த நாளில் உச்சிக்குப் போகவேண்டும் என்ற நினைப்பே எழுவதில்லை. எழுந்தாலும் வனத்துறையார் விடுவதில்லை. ஆகையால், ஒரு மூட்டையை முதுகிலே கட்டிக்கொண்டு, பொழுதெல்லாம் மேல்நோக்கியே நடந்து, இருட்டியதும் கிடைத்த பாறையில் முடங்கி, விடிந்ததும் எழுந்து இறங்குகிற சுகத்தை அநுபவிக்க விரும்பிய எங்களூர்க்காரன், வடமேற்கே சுமார் முப்பது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பர்வதமலைக்குத்தான் போயாக வேண்டியிருந்தது. அண்ணாமலையின் உயரம் 2,668 அடி; பர்வதமலையோ ஏறக்குறைய 4,500 அடி. கூடாரமும் கம்பளிப் பையுமாக இமயத்துக்குப் போய் வருகிறவர்கள் இதை ஓர் உயரமாகவே மதிக்கமாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். ஆனால் அங்கே கடப்பாறை நெட்டு என்னும் செங்குத்துப் பாறையில் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு நிற்கையில் அடிக்கணக்கு யாருக்கும் ஞாபகத்துக்கு வருவதில்லை.

சில வருஷங்களுக்கு முன், ஒரு தை மாதத்துப் பௌர்ணமியன்று நான் போனேன். அக்காலத்தில் இரவு மேலே தங்குவதற்குத் தடையேதும் இருக்கவில்லை. முதல் நாள் இரவு மூட்டை கட்ட உட்கார்ந்தபோதே என் அறியாமை ஆரம்பமாயிற்று. ஒரு ஜமுக்காளம், போர்வை, மாற்றுத் துணி, டார்ச் விளக்கு, இரண்டு பெரிய பாட்டில் தண்ணீர், மந்தார இலையில் மூன்று பொட்டலம் புளியோதரை. இவை போதாவென்று, மேலே படிக்கலாம் என்ற நப்பாசையில் உரையோடு கூடிய பத்துப்பாட்டுப் புத்தகம். கடைசியாக, அம்மா கொண்டுவந்து திணித்த அரை லிட்டர் நல்லெண்ணெய். "மலை மேல இருக்கிற சாமிக்கு எண்ணெய் ஊத்த ஆள் ஏதுடா? நீயாவது கொண்டு போ," என்றாள். மறுத்துப் பேச வழியில்லை.

பத்துப்பாட்டை எடுத்துப்போனது முழு முட்டாள்தனமுமன்று. அந்தத் தொகுதியின் பத்தாவது பாட்டாகிய மலைபடுகடாம் 583 அடிகளில் பாடுவது இந்தப் பக்கத்து மலைகளையே. அதிலே வரும் நன்னனுடைய ஊர் இன்றைய செங்கம் என்றும், நவிரம் என்ற மலை இந்தப் பர்வதமலை என்றும் அறிஞர் கூறுவர். உ.வே. சாமிநாதையர் 1889-ஆம் ஆண்டு நச்சினார்க்கினியர் உரையோடு பதிப்பித்த பத்துப்பாட்டிலுள்ள இந்தப் பாட்டை, பள்ளிக்கூடத்தில் ஆற்றுப்படையின் இலக்கணத்துக்கு உதாரணமாக மட்டுமே எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். மலையேறுகிறவன் கையில் கொடுத்தனுப்ப வேண்டிய புத்தகம் அது என்று ஒருவரும் சொல்லவில்லை. முழவும் யாழும் குழலுமாகிய தங்கள் வாத்தியங்களையெல்லாம் பைகளிலே இட்டுக் கட்டி, பலாமரத்தில் காய்க்கொத்துத் தொங்குவதுபோலத் தோளிலே சுமந்து வருகிற கூத்தர் கூட்டத்துக்கு, முன்பே அவ்வழி போய் வந்த ஒருவன் வழி சொல்லுகிறான். பன்றிக்கு வைத்த பொறி எங்கே இருக்கும், தினைப்புனத்தான் யானைக்கு எறியும் கவண்கல் எந்தத் திசையிலிருந்து வரும், வழுக்குகிற இடத்தில் எதைப் பற்றிக்கொள்வது என்றெல்லாம் சொல்லிவிட்டு, இரவானால் நடக்கவேண்டாம், சொந்த வீட்டுக்குள் புகுவதுபோலக் கற்குகைக்குள் புகுந்து தங்குங்கள், விடியலில் எழுந்து போங்கள் என்கிறான். இவ்வளவு விவேகமான யோசனையை நான் வேறெந்த யாத்திரை நூலிலும் வாசித்ததில்லை. சுமையைப் பற்றி மட்டும் அவன் ஒன்றும் சொல்லவில்லை. கூத்தர்களுக்கு அது தெரிந்த விஷயம், எனக்குத்தான் தெரியாது.

அதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர், தென்மகாதேவமங்கலத்து அடிவாரத்தைத் தாண்டிக் கற்படிகள் தொடங்குமிடத்தில் என்னோடு சேர்ந்துகொண்ட ஒரு சுமைக்காரர். வழியிலுள்ள கடைகளுக்குச் சோடாவும் பழமும் சுமந்து ஏற்றுவது அவர் ஜீவனம். ஐம்பத்தைந்து வயதிருக்கும், சும்மாட்டின் மேல் ஒரு சாக்கு மூட்டை, காலிலே செருப்பில்லை. ஐம்பது படிக்கொரு தரம் நான் உட்கார்ந்துவிடுவதைப் பார்த்துவிட்டு, "உக்காராதீங்க சாமி, உக்காந்தா கால் விட்டுப்போயிரும். நின்னுக்கிட்டே மூச்சு வாங்குங்க," என்றார். அவர் ஓரிடத்திலும் மூட்டையை இறக்கவேயில்லை. பின் எப்படி இளைப்பாறினார் என்று கவனித்தேன். பாதையோரத்தில் அங்கங்கே அவருடைய கழுத்தளவு உயரத்தில் விளிம்புள்ள பாறைகள் இருந்தன. அவற்றின் அருகே வந்ததும் பக்கவாட்டில் ஒரு சாய்வு சாய்ந்து, மூட்டையின் பாரத்தைப் பாறையின் மேல் விட்டுவிட்டு, தலையை மட்டும் அதன் கீழே வைத்தபடி நிற்பார். பத்து மூச்சு விட்டபின், முழங்காலை லேசாக மடக்கி நிமிர்வார். பாரம் பழையபடி தலைக்கு வந்துவிடும். நாட்டுப்புறச் சாலைகளில் புண்ணியவான்கள் நட்டுவைத்த சுமைதாங்கிக் கற்களைப் பார்த்திருக்கிறேன். இந்த மலையில் அவற்றை யாரும் நடவில்லை, இவரே தேடிக் கண்டுபிடித்திருக்கிறார். "இதை விட்டா அடுத்த கல்லு புளியமரத்துக்கு மேலதான்" என்று சொல்லிக்கொண்டே நடந்தார். மலைபடுகடாம் பாடிய புலவர் இவரைப் போன்ற ஒருவரிடம் கேட்டுத்தான் எழுதியிருக்கவேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

படிகள் முடிந்து கரடுமுரடான கற்பாதை வந்தது. அதுவும் முடிந்து, பாறையிலே கடப்பாறைகளை அறைந்து சங்கிலி பிணைத்திருக்கும் நெட்டு எதிரே நின்றபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. சுமைக்காரர் தாம் சுமை இறக்கும் கடையோடு கீழே நின்றுவிட்டார். நான் சங்கிலியைப் பற்றி ஏறுகையில் முதுகிலே ஏதோ வெதுவெதுப்பாக வழிவதை உணர்ந்து, வியர்வை என்றே நினைத்தேன். தண்டவாளப் படிகளைக் கடந்து மேலே போய் மூட்டையை அவிழ்த்தபோதுதான், பாட்டிலின் மூடி கழன்று, ஸ்வாமிக்கென்று கொண்டுபோன எண்ணெய் ஜமுக்காளத்துக்கும் என் முதுகுக்குமே அபிஷேகம் ஆகியிருப்பது தெரிந்தது. பத்துப்பாட்டின் கடைசிப் பக்கங்களிலும் கொஞ்சம் ஏறியிருந்தது.

உச்சியில் மல்லிகார்ச்சுனரும் பிரமராம்பிகையும் எழுந்தருளியிருக்கிறார்கள். ஸ்ரீசைலத்து ஸ்வாமிக்கும் அம்பிகைக்கும் உரிய அதே திருநாமங்கள். சங்கப் பாட்டு இந்த மலைத் தெய்வத்தைக் காரியுண்டிக் கடவுள் என்கிறது. நஞ்சுண்டவன் என்பது பொருள். இங்கே பக்தர்களே தங்கள் கையால் நீர் வார்த்துப் பூச்சூட்டலாம். எங்களூர்ப் பெரிய கோயிலில் கம்பித் தடுப்புக்குள் நகர்ந்து நகர்ந்து பழகிய எனக்கு, ஸ்வாமியின் பக்கத்திலே நிற்பது கூச்சமாக இருந்தது. பாட்டிலில் மிஞ்சிய எண்ணெய் ஓர் அகலுக்குக் காணும், அதை ஊற்றினேன்.

இரவு தூக்கம் வரவில்லை. மலையை யானையாக்கி, அதிலே எழும் ஓசைகளை அதன் மதமாக உருவகித்து அப்பாட்டுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். நான் கேட்டதோ காற்று ஒன்றைத்தான். அது ஜவ்வாது மலைப் பக்கத்திலிருந்து வந்து, போர்வைக்குள் புகுந்து, எண்ணெய் ஊறிய சட்டையைத் தேடித் தேடிக் குளிரவைத்தது. ஒரு பாறைப் பிளவுக்குள் முதுகைக் கொடுத்து ஒடுங்கிக்கொண்டபோது, வீட்டுக்குள் புகுவதுபோல என்று அந்தப் பழைய வழிகாட்டி சொன்னதன் அருமை விளங்கிற்று. விடியற்காலையில் தென்கிழக்கே பார்த்தேன். பனிமூட்டத்துக்கு மேலே அண்ணாமலை தெரிந்தது. எங்கள் தெருவிலிருந்து வானத்தைப் பாதி மறைக்கிற மலை, கூடத்தில் குவித்துவைத்த நெல்லைப்போல அடக்கமாக இருந்தது. அதன் மறுபக்கத்து அடிவாரத்தில் அம்மா அப்போது வாசல் தெளித்துக்கொண்டிருப்பாள்.

இறங்கும்போது படிகளில் சுமைக்காரர் மறுபடி எதிரே வந்தார். அன்றைய முதல் மூட்டை. ஏறுகிற சுமைக்கு இறங்குகிறவன் ஒதுங்கவேண்டுமென்று நானே விலகி நின்றேன். அவர் தம் பாறையில் பாரத்தைச் சாய்த்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"சாமிக்கு எண்ணெய் ஊத்தியாச்சா?" என்றார்.

"ஆச்சு," என்றேன்.

"இங்க வரைக்கும் வாசனை வருது," என்று சொல்லி, முழங்காலை மடக்கி நிமிர்ந்து, மேலே நடந்தார்.