பல கடனை ஒரு கடனாக்கும் வழி

வட்டிக்குத் தமிழில் எத்தனை பெயர்கள்! கந்து வட்டி, மீட்டர் வட்டி, ரன் வட்டி, நாள் வட்டி, மணி வட்டி, தண்டல். ஒரு நோய்க்கு ஊரில் இத்தனை பெயர் வழங்குமாயின் நோயாளிகள் எத்தனை பேர் இருப்பர் என்பதை ஊகித்துக் கொள்ளலாம். தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டு இயற்றப்பெற்ற கந்துவட்டித் தடைச் சட்டம் இவற்றுள் பலவற்றைப் பெயர் சொல்லியே தடுத்தது. மீறுவோர்க்கு மூன்றாண்டு வரை சிறையும் 30,000 ரூபாய் வரை தண்டமும் விதித்தது. அச்சட்டம் வந்து 14 ஆண்டுகளான பின், 2017 அக்டோபரில், நெல்லை ஆட்சியர் அலுவலக வளாகத்தில் ஒரு கூலித் தொழிலாளியின் குடும்பமே, கைக்குழந்தையோடு, தீக்கு இரையானது. சட்டம் ஏட்டில் இருந்தது. வட்டிக்காரர் வாசலில் இருந்தார்.

கடனே கூடாது என்று எழுதுவது எளிது. அறுவடை பொய்த்தவனுக்கும், பிள்ளையை மருத்துவமனையில் சேர்த்துவிட்டு நிற்பவளுக்கும் அந்த அறிவுரையால் ஆவது ஒன்றுமில்லை. ஆகவே, முன்னமே ஐந்தாறு கடனில் அகப்பட்டவர்கள் அவற்றைக் குறைந்த வட்டியுள்ள ஒரே கடனாக மாற்றிக் கொள்வது எப்படி, அவ்வாறு மாற்ற முனையும்போது வழியில் காத்திருக்கும் வஞ்சகர்களிடமிருந்து தப்புவது எப்படி என்பதை மட்டும் இங்கே எழுதுகிறோம்.

கரிசல் சீமையில் நாம் பணியாற்றும் பங்கில் ஒரு குடும்பம். கணவர் சுமை வண்டி ஓட்டுநர். மனைவி தீப்பெட்டி ஆலையில் வேலை செய்பவர். இருவர் வருமானமும் சேர்ந்து மாதம் 24,000 ரூபாய். (பாவசங்கீர்த்தனத் தொட்டியில் கேட்டது எதையும் எழுத நமக்கு உரிமையில்லை, இது அறைவீட்டுத் திண்ணையில் பேசியது. அவர்கள் இசைவு பெற்று, ஊர் பெயர் நீக்கியே எழுதுகிறோம்.) அந்த அம்மாள் ஒரு மாலை வந்து, "சாமி, மாசம் பொறந்தா யாருக்கு முதல்ல கொடுக்கிறதுன்னு தெரியல" என்றார். எவ்வளவு கடன் என்று கேட்டோம். அவர் ஒரு தொகை சொன்னார். கணவர் வேறொரு தொகை சொன்னார். ஒருவர் வாங்கியது மற்றவருக்கு முழுதும் தெரியாது.

முதலில் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து இருவரையும் எதிரெதிரே அமரச் செய்து எழுத வைத்தோம். அன்றிரவு அந்த வீட்டில் சற்றுப் பெரிய சண்டையே நடந்ததாகக் கேள்வி. ஆயினும் கணக்கு வெளியே வந்தது. 2022இல் 4 பவுன் நகை தனியார் அடகுக் கடையில் 80,000 ரூபாய்க்கு இரண்டு வட்டியில் வைக்கப்பட்டிருந்தது. ஓராண்டு வட்டி பாக்கியோடு 99,200 ரூபாய். இரண்டு வாரக் குழுக்களில் 46,000 ரூபாய் பாக்கி. வாரம் 1,450 ரூபாய் கட்ட வேண்டும். தண்டலில் 12,000 ரூபாய், நாளொன்றுக்கு 200. பத்து வட்டிக்கு வாங்கிய 30,000 ரூபாய் தனி. ஆக மொத்தம் 1,87,200 ரூபாய். அடகுக் கடைக்கு மாதந்தோறும் சேரும் 1,600 ரூபாய் வட்டியையும் கூட்டினால், மாதம் 17,000 ரூபாய்க்குச் சற்றே குறைவாகத் தேவைப்படும். 24,000 வருகின்ற வீட்டில் எஞ்சுவது 7,000. அதில் அரிசி, வாடகை, மகளின் கல்லூரிப் பேருந்துச் செலவு எல்லாம்.

நம் மக்கள் வட்டியை மாதக் கணக்கில் பேசுவார்கள். வங்கி ஆண்டுக் கணக்கில் பேசும். இரண்டு வட்டி என்றால் ஆண்டுக்கு நூற்றுக்கு 24. பத்து வட்டி என்றால் 120. அந்தப் பத்து வட்டிக்காரருக்குப் பதினான்கு மாதங்களில் 42,000 ரூபாய் வட்டி மட்டும் கொடுத்திருந்தார்கள்; வாங்கிய 30,000 அசையாமல் அப்படியே நின்றது. தண்டலோ பார்வைக்குச் சாதுவானது. 20,000 கடன் என்று எழுதி 17,000 கையில் தந்து, நாளுக்கு 200 வீதம் நூறு நாளில் வாங்கிக் கொள்வார்கள். 3,000 ரூபாய்தானே என்று தோன்றும். ஆனால் நாள்தோறும் முதல் குறைந்துகொண்டே வருவதைக் கணக்கிட்டால் அதுவும் ஆண்டுக்கு ஏறத்தாழ 120 விழுக்காட்டில் போய் நிற்கும். இந்தக் கணக்கை நாம் போட்டுக் காட்டியபோது அந்த ஓட்டுநர், "வண்டிக்கு டீசல் கணக்குப் பார்க்கிறேன், இதைப் பார்க்கலையே" என்றார்.

இவர்கள் நம்மிடம் வருமுன் வேறொருவரிடம் சென்றுவிட்டிருந்தார்கள் என்பதை இவ்விடத்தில் சொல்ல வேண்டும். கைப்பேசியில் ஒரு செய்தி வந்தது: எல்லாக் கடனையும் அடைக்க ஐந்து இலட்சம், ஆண்டுக்கு மூன்றே விழுக்காடு, அரசுத் திட்டம், ஜாமீன் வேண்டாம். அழைத்தபோது மிக மரியாதையான ஒரு குரல் பேசியது. முத்திரையிட்ட ஒப்புதல் கடிதமும் வந்தது. அதன் பிறகு, "செயலாக்கக் கட்டணம்" 4,500 ரூபாய் கேட்டார்கள், கட்டினார்கள். "காப்பீடு" என்று 7,800 கேட்டார்கள்; மகளின் காதணியை விற்று அதையும் கட்டினார்கள். மூன்றாம் முறை வரி என்று கேட்டபோதுதான் ஐயம் பிறந்தது. அதன்பின் அந்த எண் அணைந்துவிட்டது. ஏமாந்தவர்களை நாம் குறை சொல்வதற்கில்லை. மூச்சுத் திணறுபவன் நீட்டிய கையைப் பிடிக்குமுன் அது யாருடைய கை என்று பார்ப்பதில்லை.

கடன் கொடுக்குமுன் பணம் கேட்பவன் கடன் கொடுக்கப் போவதில்லை. முறையான வங்கியோ நிதி நிறுவனமோ கட்டணம் வாங்குவதுண்டு. ஆனால் அதை முன்கூட்டியே எழுத்தில் காட்டும். தனியாள் ஒருவரின் கணக்கிற்கு அனுப்பச் சொல்லாது. 2024 அக்டோபர் 1 முதல், தனிநபர் கடன் எதுவாயினும், எல்லாக் கட்டணங்களையும் சேர்த்த உண்மையான ஆண்டு வட்டி விகிதத்தைக் காட்டும் முக்கிய விவர அறிக்கை ஒன்றை, கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி கட்டாயப்படுத்தியிருக்கிறது. அதைக் கேளுங்கள்; தர மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். ரிசர்வ் வங்கி தனிமனிதருக்குக் கடன் கொடுப்பதில்லை. அதன் பெயரால் யார் பேசினாலும் பொய்.

இன்னொரு வகையினரும் திரிகிறார்கள். "கட்டணம் தாருங்கள், உங்கள் கடனைத் தள்ளுபடி செய்து சான்றிதழ் தருகிறோம், வங்கிக்கு ஒரு காசும் கட்டாதீர்கள்" என்பது இவர்கள் போதனை. அத்தகைய சான்றிதழ் வழங்க எவருக்கும் அதிகாரமில்லை என்று ரிசர்வ் வங்கி 2023 டிசம்பரில் எச்சரித்தது. அதை நம்பித் தவணையை நிறுத்துபவனுக்குக் கட்டணமும் போகும், அபராத வட்டியும் ஏறும்.

கைப்பேசிச் செயலிகளைப் பற்றி ஒரு வார்த்தை. முறையான கடன், கொடுக்கும் நிறுவனத்திலிருந்து நேரே வாங்குபவரின் வங்கிக் கணக்கில் விழ வேண்டும்; உங்கள் தொடர்பு எண்களையும் படங்களையும் செயலி துருவக்கூடாது. இவை 2022 முதல் உள்ள விதிகள். மிரட்டல் வந்தால் 1930 என்ற எண்ணில் இணையக் குற்றப் பிரிவுக்குச் சொல்லுங்கள். வங்கியின் மீதே குறையிருந்தால் ரிசர்வ் வங்கியின் 14448 என்ற எண் உண்டு.

இனி அந்தக் குடும்பத்தின் கதை. அவர்கள் கையிலேயே மருந்து இருந்தது. நகையை அடகு வைத்த நாளைவிடப் பவுன் விலை இருமடங்கிற்கு மேல் ஏறியிருந்தது. ஆனால் நகை பெட்டிக்குள் பூட்டிக் கிடந்தது. அதை மீட்டு வங்கியில் வைத்தால் அதே நான்கு பவுனுக்கு இரண்டு இலட்சம் வரை, ஆண்டுக்குப் பத்து விழுக்காட்டில் கிடைக்கும் என்றார் கிளை மேலாளர். மீட்க 99,200 வேண்டுமே! இந்த இடத்தில்தான் பலர் திரும்பவும் வட்டிக்காரர் வீட்டிற்கே போகிறார்கள். வின்சென்ட் தே பவுல் சபையார் இருவரும் கணவரின் தம்பியும் ஒரு நாளைக்கென்று பணம் புரட்டித் தந்து, கடைக்கும் வங்கிக்கும் உடன் சென்றார்கள். அடகுக் கடைக்காரர், "முதலாளி வெளியூர், மறுநாள் வாருங்கள்" என்றார். மறுநாள் புது மாதம். ஒரு நாளுக்கு ஒரு மாத வட்டி. சபையார் நகரவில்லை. மதியம் முதலாளி வந்துவிட்டார். மாலைக்குள் நகை வங்கிக்குப் போனது, கைமாற்றும் திரும்பியது.

இதில் புதுமை ஏதுமில்லை. 1462இல் இத்தாலியின் பெரூசியா நகரில் பிரான்சிஸ்கன் துறவிகள் தூண்டுதலால், அடகின் பேரில் ஏழைகளுக்குக் குறைந்த வட்டிக்குக் கடன் தரும் நிதியம் தொடங்கப்பெற்றது. அதை நடத்தும் செலவுக்காகச் சிறு தொகை பெறுவது வட்டிப் பாவமாகாது என்று 1515இல் பாப்பரசர் பத்தாம் லியோ தெளிவுபடுத்தினார். நம் நாட்டிலும் சென்னை மாகாண அரசு பிரடெரிக் நிக்கல்சன் என்ற அதிகாரியைக் கொண்டு ஐரோப்பியக் கூட்டுறவுக் கடன் முறையை ஆராயச் செய்து, அவர் அறிக்கை 1895இல் வெளிவர, 1904இல் கூட்டுறவு நாணயச் சங்கச் சட்டம் பிறந்தது. இன்று ஊர்தோறும் உள்ள தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம் அந்த மரத்தின் கிளை. அங்கேயும் நகைக்கடன் உண்டு. படியேறக் கூச்சப்படும் நம்மவர் அடகுக் கடைப் படியில் கூசுவதில்லை; இது நமக்குப் புரியாத புதிர்.

நகை இல்லாதவர் தனிநபர் கடன் கேட்கலாம். அங்கே ஒரு சொல்லில் கவனம் வேண்டும். "பிளாட்" வட்டி 12 என்பார்கள். ஓர் இலட்சத்தை இரண்டாண்டில் அடைக்க வட்டி 24,000, மாதம் 5,167. முதல் குறையக் குறைய வட்டியும் குறையும் முறையில் பார்த்தால் அது ஏறத்தாழ 21½ விழுக்காடு. பத்து வட்டியை அடைக்க அதுவும் நல்லதே. ஆனால் 12 என்று நம்பி வாங்கக்கூடாது. முன்கூட்டி அடைத்தால் அபராதம் உண்டா என்பதையும் கேட்டுக்கொள்க.

எதை முதலில் அடைப்பது? பத்து வட்டியை, பிறகு தண்டலை, பிறகு குழுக்களை. பத்து வட்டிக்காரர் 30,000ஐ எண்ணி வாங்கிக் கொண்டு, பூர்த்தி செய்யாமல் கையெழுத்திட்ட புரோநோட்டையும் இரண்டு வெற்றுக் காசோலைகளையும் "எங்கேயோ வைத்துவிட்டேன்" என்றார். இதுதான் மெய்யான ஆபத்து. அடைத்த கடனுக்கு ஈராண்டு கழித்து வழக்கு வரும். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் நாளில் கொடுப்பதற்கென்று மனு எழுதி, அதன் படியை அவருக்கே காட்டினோம். மூன்றாம் நாள் தாள்கள் கிடைத்துவிட்டன. அவற்றைக் கிழித்துப் போடாமல், இரத்து என்று குறுக்கே எழுதி நோட்டுப் புத்தகத்தில் ஒட்டி வைத்திருக்கிறார் அந்த அம்மாள்.

இப்போது மாதம் 8,640 ரூபாய் வீதம் இருபத்து நான்கு தவணை. வட்டி மட்டும் கணக்கிட்டால் இருபதாயிரத்தை ஒட்டியே வரும். தவணையாகக் கட்டும் நகைக்கடனைத்தான் நாம் கேட்கச் சொன்னோம். ஆண்டு முடிவில் மொத்தமாகக் கட்டும் வகையும் உண்டு. அது மாதந்தோறும் கதவைத் தட்டாததால் குடும்பங்கள் அதை மறந்து, ஏல அறிவிப்பு வந்த பின் விழிக்கின்றன. மிச்சமாகும் எட்டாயிரத்தைக் கண்டதும், தவணையில் புது மோட்டார் சைக்கிள் வாங்கலாம் என்று மகன் கேட்டானாம். நோட்டைக் கொடுத்து, அவனையே கணக்கு எழுதச் சொல்லியிருக்கிறார்கள். குழுக்களிடமிருந்து கடன் பாக்கியில்லை என்ற கடிதம் ஒன்று வந்துவிட்டது. மற்றொன்றை இன்னும் கேட்டுக் கொண்டிருக்கிறார்கள். அது பதிவாகிவிட்டதா என்பதைக் கடன் தகவல் நிறுவனங்களில் ஆண்டுக்கு ஒருமுறை கட்டணமின்றிப் பெறும் அறிக்கையில் பார்த்துக் கொள்ளலாம்.