காந்தத்துக்கும் ஒரு பட்டை

மாட்டுவண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டையைக் காய்ச்சித்தான் மாட்டுவார்கள். ஆறும்போது அது சுருங்கி மரத்தை இறுக்கும்.

மீகடத்திக்கும் இதே வைத்தியம்தான். கடுங்குளிரில் மின்தடையை உதறிவிடும் இந்தக் கறுப்பு வில்லை, பீங்கான் ஜாதி. பொடியை அழுத்திச் சுட்டால் போதாது. துகள்களின் எல்லையில் மின்னோட்டம் தடுமாறும். எனவே உருக்கி, விதைப் படிகம் வைத்து, மெல்ல ஆறவிட்டு, ஒரே படிகமாக வளர்க்கிறார்கள்.

அப்போதும் ஆபத்து தீராது. உள்ளே சிறைப்பட்ட காந்தப்புலமே வில்லையைப் பிளக்கப் பார்க்கும். 2003இல் ஜப்பானிய விஞ்ஞானிகள் பிசின் ஊட்டி 17.24 டெஸ்லாவைத் தாங்க வைத்தார்கள். 2014இல் கேம்பிரிட்ஜ் குழு, வெள்ளி கலந்த வில்லைகளுக்குச் சூடான எஃகு வளையம் மாட்டி 17.6 டெஸ்லாவைப் பிடித்தது.

கூடியது 0.36தான். ஆனால் தடை எங்கே என்பது விளங்கிவிட்டது: காந்த சக்தியில் அல்ல, அதைத் தாங்கும் உடம்பில். வண்டிப் பட்டறைக்கு இது பழைய செய்தி.