கன்னரதேவன் கல்லுக்கு அப்பால்

பாகூர் மூலநாதர் கோயில் கருங்கல் சுவர், வெயில் தாழ்ந்த பிறகும் வெகுநேரம் சூடு விடாது. ஆயா உள்ளே விளக்குக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருப்பாள். நான் வெளியே நின்று கல்லெழுத்துகளின் பள்ளத்தில் விரலை ஓட்டிக்கொண்டிருப்பேன். படிக்கத் தெரியாது. சூடும் சுழியும் விரலுக்குப் பிடித்திருந்தன.

அதில் ஒரு பெயரைப் பெரியப்பாதான் எழுத்தெழுத்தாகக் காட்டினார். கன்னரதேவன். ராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணன்.

"தோ பாரு, இவன் நம்ம ராஜா இல்லடா. படையெடுத்து வந்தவன்."

949-இல் தக்கோலத்துப் போரில் சோழ இளவரசன் ராஜாதித்தன் யானைமேல் இருந்தபடியே மாண்டான். அதோடு தொண்டைநாடு கைமாறியது. எங்கள் ஊர்க் கோயில் கல்லிலும் வந்தவனுடைய ஆட்சியாண்டே ஏறியது. எனக்குத் தாங்கவில்லை. அப்புறம் யார் மீட்டார்கள் என்று கேட்டேன். சுந்தர சோழனையும் அவன் மூத்த மகன் ஆதித்த கரிகாலனையும் பெரியப்பா சொன்னார்.

ஆதித்தன் எனக்குப் புதியவன் இல்லை. கல்கி பத்திரிகையில் வந்த 'பொன்னியின் செல்வ'னைக் கிழித்துத் தைத்த பைண்டு புத்தகங்கள் வீட்டில் இருந்தன. ராத்திரியில் எல்லோரும் திண்ணையில் மல்லாட்டை உரிப்போம், சித்தி வாசிப்பாள். கடம்பூர் மாளிகையில் அவன் விழுந்து கிடந்த அத்தியாயத்தன்று யாரும் உரிக்கவில்லை. முறத்தில் தோலும் பருப்பும் கலந்தபடியே கிடந்தன.

"அது கதை. நிஜமாவே அவன் ஒருத்தன் இருந்தான்" என்றார் பெரியப்பா. வீரபாண்டியனோடு சேவூரில் பொருதபோது அவன் சிறுவன். மதயானையோடு சிங்கக்குட்டி விளையாடியதுபோல என்று லெய்டன் செப்பேடு சொல்கிறதாம். தந்தை உயிரோடு இருக்கும்போதே பரகேசரி என்ற பட்டத்தோடு தன் பெயரில் ஆண்டு எண்ணத் தொடங்கியவன். அந்த எண்ணிக்கை ஐந்தாண்டு அளவில் நின்றுபோயிற்று. கொன்றுவிட்டார்கள்.

1972-இல் ஏதோ ஒரு பத்திரிகையில் துட்டன்காமனின் பொன்முகம் வண்ணப் படமாக வந்தது. அதை வெட்டி என் டிரங்குப் பெட்டி மூடியின் உள்பக்கம் ஒட்டினேன். ஒன்பது வயதுவாக்கில் எகிப்தின் அரியணை ஏறி, பத்தொன்பதுக்குள் இறந்த பிள்ளை. 3,000 ஆண்டுக்குமேல் மண்ணுக்குள் இருந்தவனை 1922-இல் ஹோவர்டு கார்ட்டர் கண்டெடுத்தார். ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பொருள்கள். பொன்னைவிட, அவன் சின்ன வயதில் உட்கார்ந்த குட்டி நாற்காலியைச் சேர்த்து வைத்திருந்தார்கள் என்பதுதான் என்னை உலுக்கியது. யாரோ அவனை அவ்வளவு நேசித்திருக்கிறார்கள்!

"நம்ம ஆதித்தனுக்கு எங்க பெரியப்பா சமாதி?"

அவர் பதில் சொல்லவில்லை. கோடை விடுமுறையில் ஒருநாள் விடிகாலை எழுப்பி, கடலூர், சிதம்பரம் என்று பஸ் மாறி மாறி, காட்டுமன்னார்கோயிலுக்குக் கூட்டிப்போனார். கட்டுச்சோற்றை வழியிலேயே தின்றுவிட்டேன். உடையார்குடி அனந்தீசுவரர் கோயிலின் சுவரோரம் பெரியப்பா குனிந்து, விரல் வைத்துத் தேடித் தேடிப் போனார்.

அங்கே இருப்பது சமாதியெழுத்தில்லை, நிலக்கணக்கு. ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டு, அதாவது 987-ஐ ஒட்டியது. கரிகாலசோழனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேசுவரன் பெயர்களைச் சொல்லி, அவர்களுடைய, அவர்கள் உறவினருடைய சொத்துக்களைப் பற்றி அரசன் ஊர்ச்சபைக்கு அனுப்பிய ஆணையைப் பதிந்திருக்கிறது. தம்பி அரசனாகி, அண்ணனைக் கொன்றவர்கள் பெயரைக் கல்லில் ஏற்றியிருக்கிறான். இறந்தவனின் நாற்காலி இல்லை, செருப்பு இல்லை, முகம் இல்லை. கொலைகாரர்களின் நிலத்தைப் பற்றிப் பேசும் இடத்தில் அவன் பெயர் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. அன்று எனக்கு வந்த அழுகையை இப்போதும் தொண்டையில் உணர்கிறேன்.

பெரியப்பா என் ஆள்காட்டி விரலைப் பிடித்து அந்தப் பெயரின்மேல் வைத்தார். எங்கள் ஊர்ச் சுவரின் அதே சூடு.

மறுநாள் மாலை, பாகூர் ஏரிப்பக்கம் கொக்குகள் திரும்பிக்கொண்டிருந்தன. "இருட்டிடுச்சி, வாடா" என்று ஆயா கூப்பிடக் கூப்பிட, கன்னரதேவன் பெயர் இருந்த கல்லைத் தாண்டி அடுத்த கல்லில் விரலை வைத்தேன்.