இஃப்தஹ் யா ஸிம்ஸிம்

'எள்ளே, திற!' என்பதே இதன் பொருள். அலிபாபா கதையில் குகைக்கதவைத் திறக்கும் சொல். அலெப்போ நகரத்து ஹன்னா தியாப் 1709இல் பாரிசில் சொன்ன கதை. 1956இல் வண்ணத் திரைப்படமாகவும் தமிழருக்கு வந்தது. மரத்தின்மேல் ஒளிந்திருந்தவன் ஒருமுறை கேட்டான், திரும்பச் சொன்னான், கதவு திறந்தது. திருடர்கள் சொல்லை மாற்றவேயில்லை!

அடையாற்றில் என் மகள் வசிக்கும் அடுக்குமாடியின் வாயிற்கதவுக்கு ரிமோட் உண்டு. பழைய வகை ரிமோட்டுகளுக்கு எந்நாளும் ஒரே சொல்தான். உள்ளே எட்டுச் சிறு விசைகள் இருந்தால், மாற்றி மாற்றி வைத்தாலும் 256 சொற்களே கிடைக்கும். புதியவற்றில் அழுத்துந்தோறும் சொல் மாறும். மோட்டார்ப் பெட்டியும் அதே கணக்கைத் தொடர்வதால், பயன்படுத்திய சொல்லை மீண்டும் ஏற்காது.

புதிய ரிமோட்டைச் சேர்ப்பது எளிது. பெட்டியிலுள்ள பொத்தானை அழுத்தி, விளக்கு எரிந்ததும் ரிமோட்டை அழுத்தினால் போதும். நீக்குவதுதான் தொல்லை. குடிபெயர்ந்த ஒருவர் ரிமோட்டைத் திருப்பித் தரவில்லை. அந்தப் பெட்டியிலோ ஒன்றை மட்டும் நீக்க வழியில்லை. நினைவு முழுவதையும் அழித்து, அனைவருடையதையும் மறுபடி சேர்க்கவேண்டும். சங்கத்தார் தயங்கினர்.

அனுமதி பெற்று, ஸலாம் உரைக்காமல் பிறர் இல்லத்துள் நுழையலாகாதென்பது சூரத்துந் நூரின் கட்டளை. சென்றுவிட்டவர் கையில் அனுமதி மட்டும் தங்கியிருக்கலாமா என்று கேட்டேன்.

ஞாயிறன்று அஸருக்குப்பின் ஒவ்வொருவராக ரிமோட்டுடன் கீழே வந்தனர். மூன்றாம் மாடி மூதாட்டி தம்முடையதைப் பேரனிடம் கொடுத்தனுப்பினார். கூடவே ஒரு கிண்ணம் சுண்டலும்.