அலைகடல் நடுவே ஒரு தவப்பாறை

அயர்லாந்தின் தென்மேற்கே, கெர்ரி மாவட்டக் கடற்கரையிலிருந்து ஏறத்தாழ 12 கிலோமீட்டர் தொலைவில், அட்லாண்டிக் பெருங்கடலில் செங்குத்தாக எழுந்து நிற்கிறது ஸ்கெல்லிக் மைக்கேல் என்னும் பாறைத்தீவு. அதன் உயரம் 218 மீட்டர். கடற்கரைச் சுற்றுலா வருவோர் போர்ட்மகீ என்னும் சிற்றூரில் படகேறுகின்றனர். கோடையில் மட்டுமே பயணம். அதுவும் கடல் இசைந்தால்தான். அலை சீறினால், நெடுந்தொலைவு வந்தவரும் கரையிலிருந்தே கண்டு திரும்ப வேண்டியதுதான்.

தீவில் இறங்கியதும் வழிகாட்டி எச்சரிக்கிறார்: "படிகள் அறுநூறுக்கு மேல். நின்று நிதானித்து ஏறுங்கள்." தவறி விழுந்து உயிரிழந்தோரும் உண்டு.

மேலே, ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கிறிஸ்தவத் துறவியர் எழுப்பிய தேன்கூடு வடிவக் குடில்கள். சாந்து பூசாமல், கல்மேல் கல்லாக உள்நோக்கி அடுக்கியவை. இன்றும் புயலுக்கு அசையாதவை. மழைநீரைத் தொட்டியில் தேக்கி, மீனும் கடற்பறவை முட்டையும் சிறு தோட்டத்து விளைச்சலும் உண்டு, இறைவனை நினைந்து வாழ்ந்தனர் அவர்கள். 9-ஆம் நூற்றாண்டில் வைக்கிங் கொள்ளையர் தாக்கிய பின்னரும் அத்தவம் தொடர்ந்தது. நூற்றாண்டுகள் கழித்தே துறவியர் கரைக்குக் குடிபெயர்ந்தனர். யாத்திரிகரோ அதன் பின்னும் வந்துகொண்டிருந்தனர். 1996-இல் யுனெஸ்கோ இதனை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

குடிலின் வாயில் மிகத் தாழ்வானது. எவராயினும் தலை தாழ்த்தியே நுழைய வேண்டும். வெளியே காற்று ஓலமிடுகிறது; உள்ளே பேரமைதி. அதை நாடித்தான் அவர்கள் இத்தனை அலைகளைக் கடந்தனர் போலும்.