பூச்சி தின்ற இலை

குறை ஒன்றை மறைப்பதற்காகவே அந்தப் பட்டுத்துணியைத் தேடிச் சென்றோம். எங்கள் அக்கா புற்றுநோய்ச் சிகிச்சையில் தலைமுடி முழுவதையும் இழந்திருந்தார். முப்பது ஆண்டுகள் பள்ளிப் பிள்ளைகள் முன் நிமிர்ந்து நின்றவர், வீட்டு வாசலைத் தாண்டவும் கூசினார். ஜப்பானில் பணிபுரியும் மகனைக் காணக் கணவனும் மனைவியுமாக நாங்கள் புறப்பட்டபோது அவர் கேட்டது ஒன்றே: "தலையில் கட்டிக்கொள்ள மெல்லிய துணி கிடைத்தால் வாங்கி வாருங்கள், தம்பி."

மகன் எங்களைக் கனசாவா நகருக்கு அழைத்துச் சென்றான். ஜப்பான் கடலை ஒட்டிய இஷிகாவா மாநிலத்தின் தலைநகர் அது. சாய், அசானோ என்னும் இரு ஆறுகள் அதன் வழியே ஓடுகின்றன. மயேதா குடும்பத்தினர் ஆண்ட அந்நிலப்பகுதிக்குக் காகா என்று பெயர். அப்பெயரைத் தாங்கியதே 'காகா யூசென்' என்னும் பட்டு ஓவியக்கலை. பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் கியோத்தோவில் விசிறிகளுக்கு ஓவியம் தீட்டிப் புகழ்பெற்ற மியசாக்கி யூசென்சாயின் பெயரும் அதில் கலந்திருக்கிறது. தம் முதுமையில் அவர் கனசாவாவுக்கு வந்து தங்கினார் என்பர். கிமோனோ உடைகளுக்கென வளர்ந்த இக்கலை இன்று பெண்கள் கழுத்திலும் தோளிலும் அணியும் சிறு துணிகளிலும் இடம்பெற்றுள்ளது.

பட்டறை ஒன்றில் ஓவியர் வேலை செய்வதை அருகிருந்து பார்த்தோம். முதலில் ஒரு நீலப் பூவின் சாற்றால் பட்டின்மேல் கோடு வரைகிறார்கள். நம் வயல் வரப்புகளில் படரும் கானாவாழையின் இனத்தைச் சேர்ந்தது அப்பூ. தண்ணீர் பட்டால் அதன் நிறம் மறைந்துவிடும். அந்தக் கோட்டின்மேல் பசையரிசிக் களியைக் கூம்பு வடிவக் காகிதப் பையிலிருந்து நூல்போலப் பிழிகிறார்கள். ஒரு வண்ணம் அடுத்த வண்ணத்தோடு கலவாமல் காக்கும் வரப்பு அது. பிறகு தூரிகையால் வண்ணம் தீட்டி, ஆவியில் வேகவைத்து, நீரில் அலசுகிறார்கள். களி கரைந்தோட, அது இருந்த இடம் வெண்கோடாக எஞ்சுகிறது. முன்பெல்லாம் அந்த அலசல் ஆற்றிலேயே நடந்தது.

கருஞ்சிவப்பு, அவுரி நீலம், மஞ்சட்காவி, புல்பச்சை, பழங்கால ஊதா ஆகிய ஐந்துமே காகாவின் அடிப்படை வண்ணங்கள். கியோத்தோவின் துணிகளில் பொன்தகடும் பூத்தையலும் மின்னும். கனசாவாவில் அவை அரிது. கண்ணால் கண்ட செடியையும் பூவையும் கண்டவாறே வரைவதே இவ்வூரின் மரபு. இக்கலையில் சிறந்த கிமுரா உசான் என்பாரை 1955ஆம் ஆண்டில் ஜப்பானிய அரசு 'வாழும் தேசியச் செல்வம்' என்னும் சிறப்புக்கு உரியவராக்கியது.

எங்கள் கைக்கு வந்த துணியில் இலையுதிர்காலக் கிளையொன்று வளைந்திருந்தது. விளிம்பில் அடர்ந்த வண்ணம் உள்நோக்கி மெல்ல வெளிறியது. ஆனால் இலைகள் சிலவற்றில் சிறு துளைகள்! பழுதென்று எண்ணித் தயங்கினோம். ஓவியர் சிரித்தார். மகன் மொழிபெயர்த்தான்: "பூச்சி தின்ற இடம் அது. இவ்வூர் ஓவியர்கள் அதையும் விடாமல் வரைவார்கள். தோட்டத்தில் இலை அப்படித்தானே இருக்கிறது?"

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். நோயால் அரிக்கப்பட்ட உடலுக்குப் பூச்சி அரித்த இலையைப் பரிசளிப்பதா? அருகிலேயே மாசற்ற பிளம் மலர்கள் பூத்த வேறொரு துணியும் இருந்தது. அதுவே பாதுகாப்பானது. எனினும் எங்கள் கை இதையே விடாமல் பற்றியிருந்தது. இறுதியில் இதையே வாங்கினோம். வழியெல்லாம் அஞ்சிக்கொண்டே வந்தோம்.

அக்கா அதைச் சாளரத்தின் வெளிச்சத்தில் விரித்தார். விரல் ஒரு துளையின்மேல் நின்றது. எங்களுக்கு மூச்சு நின்றது.

"பூச்சி தின்ற இலையா?" என்றார். சற்றுப் பொறுத்து, "யாரோ இந்த இலையைப் பொறுமையாக உட்கார்ந்து பார்த்திருக்கிறார்கள், தம்பி" என்றார்.

அக்காவை நாங்கள் அவ்வாறு பார்த்திருந்தோமா? அவர் எதிரே அமரும்போதெல்லாம் தலையைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தே பேசியிருந்தோம். பரிவு என்று எண்ணி நாங்கள் செய்தது, அவரைக் காணாதிருப்பதே அன்றோ? அன்று எங்களுக்கு அது உறைத்தது.

அடுத்த மாதம் உறவினர் வீட்டுத் திருமணம். அக்கா வர இசைந்தார். அவர் புறப்பட்டு வெளியே வந்தபோது கனசாவாவின் கிளை அவருடைய தோளில் கிடந்தது. தலையை அவர் மூடியிருக்கவில்லை.

நாங்கள் அவரை நேராகப் பார்த்தோம்.