சட்டைக்குள் இருக்கும் சமாசாரம்

டொராண்டோவிலிருந்து

சென்னை லஸ் நாகேஸ்வர ராவ் பூங்காவில் காலையில் நடப்பவர்களுக்குச் சர்க்கரையைப் பற்றிக் கூச்சமே கிடையாது. ஃபாஸ்டிங் எவ்வளவு, மூன்று மாதச் சராசரி எவ்வளவு என்று கிரிக்கெட் ஸ்கோர் போல விசாரித்துக்கொள்வார்கள். இன்சுலினை எந்த இடத்தில் குத்திக்கொள்கிறீர்கள் என்று மட்டும் யாரும் யாரையும் கேட்டு நான் பார்த்ததில்லை.

நான் குடியேறிய இந்த ஊரில்தான் அந்த மருந்து முதன்முதலாக ஒரு நோயாளியின் உடம்பில் ஏறியது. 1922 ஜனவரி 11, டொராண்டோ பொது மருத்துவமனை. லியனார்ட் தாம்சனுக்கு 14 வயது. மருந்தில் சுத்தம் போதவில்லை. சர்க்கரை கொஞ்சம் இறங்கியதோடு சரி, குத்திய இடத்தில் கட்டி கிளம்பியது. உயிர்வேதியியலாளர் காலிப் சுத்திகரித்துக் கொடுத்ததை 23-ஆம் தேதி போட்ட பிறகுதான் பையன் தேறினான்.

மாடு, பன்றிக் கணையத்திலிருந்து எடுத்த இன்சுலின் காலத்திலேயே ஊசிக்கு வந்தவர் என் மந்தைவெளி அத்தை. (எதிலிருந்து எடுக்கிறார்கள் என்று வீட்டில் யாரும் அவரிடம் மூச்சு விடவில்லை.) கண்ணாடி சிரிஞ்சைக் கொதிநீரில் போட்டு எடுப்பார். அந்த மருந்தால் தொடையில் குழி விழுந்தது. 1982-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மனித இன்சுலின் மெல்லப் பரவிய பின் குழிகள் அரிதாகின. இன்றைய தொல்லை மேடு. ஒரே இடத்தில் குத்திக்கொண்டே இருந்தால் தோலுக்கடியில் கொழுப்பு திரண்டுகொள்கிறது. ஒரே ஊசியைப் பல நாள் ஓட்டினால் இன்னும் மோசம்.

மேட்டில் வலி தெரியாது. "இங்க குத்தினா எறும்பு கடிச்ச மாதிரிகூட இல்லடா" என்பார் அத்தை. கை தானாக அங்கேயே போகும். வம்பும் அதில்தான். மேட்டுக்குள் போன மருந்து ஒரு நாள் தாமதிக்கும், ஒரு நாள் பாதிதான் ரத்தத்தில் சேரும். சர்க்கரை ஏறுகிறதே என்று டாக்டர் யூனிட்டைக் கூட்டுவார். கூட்டிய அளவை ஒருநாள் நல்ல தோலில் போட்டால் சர்க்கரை 'லோ' ஆகி வியர்த்துக் கொட்டும். இடத்தை மாற்றுமுன் அளவையும் டாக்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

நானும் ஊசிக்காரன்தான். ஊசி தொடங்கியபின் சென்னைக்குப் போனபோது, "பூசினாப்ல இருக்கே, கனடா சாப்பாடா?" என்றார்கள் உறவினர்கள். சிறுநீரில் வீணாய்ப் போன சர்க்கரை உடம்பிலேயே தங்கினால் எடை ஏறத்தான் செய்யும். இதைக் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்து எப்படி விளக்குவது?

விடுமுறைக்குச் சென்னை போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. தி.நகர் மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் இன்சுலின் பாட்டில் பெரும்பாலும் மில்லிக்கு 40 யூனிட். அதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்ச். இங்கே 100 யூனிட், ஆரஞ்சு மூடி. அங்கே வாங்கிய 40 யூனிட் மருந்தை இங்கிருந்து கொண்டுபோன சிரிஞ்சில் 10 கோடு ஏற்றினால் உள்ளே போவது 4 யூனிட்தான். இங்கத்திய மருந்தை அங்கத்திய சிவப்பு மூடி சிரிஞ்சில் 10 கோடு ஏற்றினாலோ 25 யூனிட். அது உயிருக்கே ஆபத்து.

குளிக்கும்போது சோப்புக் கையால் வயிற்றை அழுத்தித் தடவினால் மேடு அகப்படும். அங்கே குத்தாமல் விட்டால் சில மாதங்களில் கரையத் தொடங்கும். அத்தைக்கு இப்போது இன்சுலின் பேனாதான். ஆனாலும் புது இடத்தில் சுருக்கென்கிறது என்று போன வாரம் போனில் புகார். 4 மில்லிமீட்டர் ஊசி வாங்கிக் கொடுக்கும்படி மருமகளிடம் சொல்லியிருக்கிறேன்.